டார்சியின் தலை நன்றாகத்தான் இருக்கிறது

லொரெய்ன் அத்தைக்கு,

இல்லை, அன்றைக்கு அவன் குடித்திருக்கவில்லை. ஒரே கதையை ஒரே போனில் இரண்டு தடவை சொன்னால் குடித்திருக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் டார்சி இந்த வருஷம் பீரைத் தொடவே இல்லை, அவன் ஆடும் கிளப்பில் விடமாட்டார்கள். நீங்கள் நலமா, பெர்த்தில் வெயில் எப்படி, இடுப்பு வலி குறைந்ததா என்றெல்லாம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நானும் நலம். டயர் கடை வேலையிலிருந்தும் என்னை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம், கோதுமைக் கிடங்கு, பப் சமையலறை எல்லாம் முடிந்து இப்போது மெல்பர்னில் தம்பி டார்சியோடு இருக்கிறேன். அவனுக்குச் சமைக்கிறேன், கார் ஓட்டுகிறேன், சேறு படிந்த சாக்ஸைத் துவைக்கிறேன். கோரி ஒருவழியாக உருப்பட்டுவிட்டான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம்.

அவன் தலை சரியாக இருக்கிறதா, டாக்டரிடம் யாராவது சொன்னீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று தெரியும். கெவின் மாமா ஃப்ரிட்ஜுக்குள் ஷூவை வைத்ததை முதலில் பார்த்தவன் நான்தான். அப்போது சிரித்தேன். கடைசி வருஷம் உங்களை நர்ஸ் என்று நினைத்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார், அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆட்டத்தில் வாங்கிய அடி என்று நீங்கள் சொன்னீர்கள், வயசு என்று அப்பா சொன்னார், ஐம்பத்தாறு என்ன வயசு என்று நீங்கள் கேட்டீர்கள், அன்றோடு அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவன் நன்றாகத்தான் இருக்கிறான்.

சின்ன வயதிலேயே அவன் உதை யாருக்கும் வராத உதை என்பது உங்களுக்கே தெரியும், நம் தண்ணீர்த் தொட்டி இரண்டும் அதற்குச் சாட்சி. நம் ஊர் வாண்டரூக்கின் சிறுவர் கால்பந்து அணியில் அவன் ஆடிய நாட்களில் கோலுக்குக் கோல் மைதானத்தைச் சுற்றி நிற்கும் கார்கள் ஹாரன் அடித்து அடித்து, நம் கிளப் தலைவர் பட்ச் ஹானிகனின் வண்டி பேட்டரியே இறங்கிவிட்டது. மூன்று பேர் தள்ளித்தான் கிளப்பினோம். நம் நாய் மோஜோ அந்தச் சத்தத்துக்குப் பயந்து என் மடியை விட்டு இறங்காது. பதினாலு வயதில், ஆள் குறைகிறது என்று பெரியவர்கள் ஆட்டத்திலும் இறக்கினார்கள். பிறகு வட்டார இளைஞர் அணி. அதன் இறுதி ஆட்டத்தில்தான் முதல் அடி. பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினான், எதிரே வந்தவன் இடுப்பு ஃப்ரிட்ஜ் அளவு. விழுந்தான், எழுந்தான், இடைவேளையில் நேராக எதிரணிக் கூட்டத்துக்குள் போய் நின்று அவர்கள் கோச் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். அந்தக் கோச் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு, "தம்பி, நீ யாருப்பா?" என்று கேட்டார். இவன், "அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன்" என்றான். மைதானமே சிரித்தது. அப்பா இன்னும் வெள்ளிக்கிழமை தோறும் பப்பில் இதைச் சொல்கிறார். உங்களிடம் டார்சி இரண்டு தடவை சொன்ன கதையும் இதுதான். ஆனால் அத்தை, அது அவனுக்கு ஞாபகத்தில் இல்லை. அப்பா சொல்லிக் கேட்டுத்தான் தெரியும்.

பெரிய கிளப்புகள் பையன்களைப் பெயர் சொல்லி எடுக்கும் நாளில் ஊரே கிளப் அறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. டார்சி பெயர் வந்ததும் பட்ச் அப்பாவை அலாக்காகத் தூக்கினார். அப்பா கையில் இருந்த இறைச்சி அடைத்த பலகாரம் அவர் சட்டையிலேயே நசுங்கி வழிந்தது. அப்பா அந்தச் சட்டையைத் துவைக்காமல் இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார்.

இப்போது பரீட்சை விஷயம். சீசன் தொடங்கும் முன்னால் கிளப் டாக்டர் ஒவ்வொருவனையும் உட்காரவைத்து ஐந்து சொல் சொல்வார், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அதைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். பிறகு தலையில் அடிபட்டால் மறுபடி அதே பரீட்சை. மதிப்பெண் குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்கள். அதனால் பையன்கள் முதல் தடவையே வேண்டுமென்று மோசமாகச் செய்துவிடுகிறார்கள். முதலிலேயே தரையில் படுத்துக்கொண்டால் பிறகு எங்கே விழுவது?

டார்சி என்னிடம் வந்தான். "டேய் கோரி, நம்ம குடும்பத்துலயே பரீட்சையில தோக்கத் தெரிஞ்சவன் நீதான். சொல்லிக்குடுடா."

"ஃபீஸ் உண்டா?"

"ஒரு வாரம் பாத்திரம் கழுவறேன்."

சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லாதே, நடிப்பு என்று தெரிந்துவிடும். ரெண்டு சரியாகச் சொல். மூணாவதுக்குக் கூரையைப் பார். கடைசியில் கிட்டத்தட்ட சரியான தப்பு ஒன்று சொல், கதவுக்குப் பதில் ஜன்னல். என் வாழ்க்கையில் நான் பாடம் நடத்தி ஒரு மாணவன் தேறியது அது ஒன்றுதான். டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பரவால்லப்பா, கால் நல்லா இருந்தா போதும்" என்றாராம்.

அப்புறம் பயிற்சியில் ஒருத்தன் முழங்கால் காதுக்கு மேலே பட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை, இவனும் சொல்லவில்லை. மூன்றாவது அடி சென்ற மாதம், இரண்டாம் அணி ஆட்டத்தில். நம் கால்பந்தில் பந்தைக் கையால் பிடிப்பதுதானே பெருமை, உயரே எழும்பிப் பிடித்தான், இறங்கும்போது தலை முதலில் இறங்கியது. பந்தை மட்டும் விடவில்லை. அறைக்குள் கூட்டிப் போய்ப் பரீட்சை வைத்தார்கள். ஐந்தில் மூன்று சரி. டாக்டர் முகமே மலர்ந்துவிட்டது. "முன்னாடிக்கு இப்பத் தேவலாமே" என்று அடுத்த வாரமே ஆட விட்டார். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "அடி வாங்க வாங்கப் புத்தி கூடுது பாரு, நம்ம ரத்தம்" என்றார்.

காரில் வரும்போது கேட்டேன். "நல்லா நடிச்சடா. மூணோட நிறுத்திட்ட பாரு, கரெக்ட்டு."

"நடிக்கவெல்லாம் இல்லடா. உசிரைக் குடுத்து யோசிச்சேன். அவ்ளோதான் வந்துச்சு" என்றான்.

அதன்பிறகு நான் ரேடியோவைப் போட்டேன். அவன் உடனே அணைத்துவிட்டான், சத்தம் குத்துகிறதாம். இப்போது வீட்டில் பகலிலும் திரையை மூடித்தான் வைத்திருக்கிறோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் காலைச் சாப்பாடு. பயிற்சி முடிந்து வந்ததும் வாந்தி எடுக்கிறான், என் சமையல்தான் காரணம் என்கிறான், இருக்கலாம். போன வாரம் காரை எங்கே நிறுத்தினான் என்று தெரியாமல் தெருத் தெருவாகத் தேடினான். நான்தான் ஓட்டிவந்து நிறுத்தியிருந்தேன். அவன் அன்றைக்கு ஓட்டவே இல்லை. மோஜோ குளிர்காலத்தில் செத்தது உங்களுக்குத் தெரியும், குழி தோண்டியது டார்சிதான், என்னைக் கடப்பாரையைத் தொடவே விடவில்லை. செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது, "மோஜோவுக்குச் சோறு வச்சியா?" என்றான். நான் நிமிர்ந்து பார்த்ததும், "சும்மா சொன்னேன்டா" என்று சிரித்தான். சும்மாதான் சொல்லியிருப்பான்.

இதில் எதையாவது டாக்டரிடம் சொன்னால் இந்த வருஷம் அவனுக்கு ஆட்டம் இல்லை. ஒப்பந்தமும் இந்த வருஷத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் எந்த வருஷமும் இல்லை. இன்று காலை கோச் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், சனிக்கிழமை முதல் அணியில் முதல் ஆட்டம். வழக்கம் தெரியுமே, ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் அணி முழுக்க நிற்க, வீட்டு ஆள் ஒருத்தர் கையால்தான் அணியின் பனியனைக் கொடுக்க வேண்டும். அப்பா கொடுக்கிறார். ரெண்டு வார்த்தை பேசவும் வேண்டும். மனுஷன் கல்யாணத்திலேயே தலையை மட்டும் ஆட்டியவர். இப்போது ரோமம் வெட்டும் கொட்டகையில் ஆடுகளை நிறுத்திவைத்துப் பேசிப் பழகுகிறாராம். பட்ச் போனில் சொன்னார், "முதல் தடவை பேசினப்ப பாதி ஆடு வெளியே போயிடுச்சு. ரெண்டாவது தடவை உங்கப்பாவே வெளியே போயிட்டாரு." ஊரிலிருந்து ஒரு பஸ் பேசியிருக்கிறார்கள். மழை இல்லை, விளைச்சல் இல்லை, வங்கிக்காரன் வாரம் ஒருமுறை வந்து வேலியைப் பார்த்துவிட்டுப் போகிறான், அத்தனை பேரும் அந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள். நான் போய் அதன் முன்னால் படுக்க வேண்டுமா? பள்ளிக்கூடத்தை விட்டவன், மூணு வேலை விட்டவன், தம்பி சோற்றில் இருப்பவன். பொறாமை என்பார்கள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், உங்களிடம் பேசாத மாதிரி என்னிடமும் பேசமாட்டார்.

எனவே அத்தை, நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் சொல்லக் கூடாது. கெவின் மாமா வேறு, இவன் வேறு. இவனுக்குப் பத்தொன்பது வயது. சனிக்கிழமை டிவி பாருங்கள். உங்கள் இடுப்பு சீக்கிரம் குணமாகட்டும், உங்கள் தோட்டத்துக்காவது மழை பெய்யட்டும், பக்கத்து வீட்டு பெரில் அம்மாவுக்கு என் வணக்கம். போன் அடிக்கிறது, டார்சிதான், கிளப்பிலிருந்து கூட்டிவர வேண்டும். நான் இப்போது போக வேண்டும்.

கோரி

பி.கு.: கிளப் வாசலில் நின்றுதான் பேசினான், குரல் நல்ல சந்தோஷத்தில் இருந்தது. "டேய் கோரி, சனிக்கிழமை பஸ்ல மோஜோவையும் ஏத்திட்டு வரச் சொல்லு அப்பாகிட்ட. கூட்டத்துல சத்தத்துக்குப் பயப்படும், நீ மடியிலயே வச்சுக்க, சரியா?" சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "சரிடா" என்றேன். சொல்லப்போவதில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். டாக்டருக்குப் போன் போட்டுவிட்டேன். அந்த ஐந்து சொல் விஷயத்தையும், சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார் என்பதையும் சொன்னேன். அவர் அவனை உடனே உள்ளே கூட்டிவரச் சொன்னார். அப்பாவுக்கு இன்னும் தெரியாது, இந்நேரம் ஆடுகளிடம் பேசிக்கொண்டிருப்பார். இனி ஊர்ப் பக்கம் என்னால் போக முடியாது. உங்கள் பின்னறையில் இரண்டு கட்டில் போட இடம் இருக்குமா? ஜன்னலுக்குக் கனமான திரையாகப் பார்த்து மாட்டி வையுங்கள்.