ஓர் ஏகாரத்தால் வந்தது

அன்பும் மரியாதையும் மிக்க சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் நகரசபை வேட்பாளராகிய உங்கள் வயிற்றின் நலத்தை நேற்றிலிருந்து வார்டு முழுவதும் விசாரித்துக்கொண்டிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். போனில் பேசலாம்தான், உங்கள் எண்ணுக்கு அடித்தால் அது என் வீட்டுக்காரர் மேசையில் மணியடிக்கிறது. இணையப் பிரசாரத்துக்கென்று நீங்களே கொடுத்ததுதானே.

விஷயம் இதுதான்: உங்கள் மாப்பிள்ளையை வேலையை விட்டு அனுப்பாதீர்கள். தப்பு என்னுடையது. "மாமா, ஓட்டு இப்ப தெருவுல இல்ல, போன்லதான் இருக்கு" என்று ஒரு மாதம் உங்கள் பின்னாலேயே நடந்து, உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி, கைகூப்பிய படத்தை ஏற்றி, நானூறு பெண்களைச் சேர்த்து, "தாய்மார்களே!" என்று ஒரு குழு அமைத்தாரல்லவா, அந்தக் கணக்கை என் போனிலும் திறந்து வைத்திருந்தார். பாப்பாவுக்கு ஊசி போடும் ஆஸ்பத்திரியில் எங்களுக்கும் ஒரு குழு உண்டு. அதன் பெயர் "தாய்மார்கள்". இரண்டுக்கும் ஓர் ஏகாரம்தான் வித்தியாசம். முந்தாநாள் இரவு, ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் போன், பாதித் தூக்கம், "நாலு நாளாச்சு, இன்னும் போகல. முக்கி முக்கி முகமே சிவந்துபோகுது. கைமருந்து ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று போட்டேன். உங்கள் சிரித்த முகத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. "சாப்பாடு என்ன?" என்று யாரோ கேட்டார்கள். டாக்டரம்மா என்று நினைத்து, "தாய்ப்பால் மட்டும்தான்" என்றேன். பிறகு ஓர் அம்மா, "தலைவரே, முதல்ல அத நிறுத்துங்க, தானா சரியாயிடும்" என்று எழுதினார். தலைவரே என்ற சொல்லைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் கலைந்தது.

விடிவதற்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் உங்கள் குழாய்ச் சின்னத்தைப் போட்டு, "சொந்தக் குழாய் அடைப்பையே எடுக்கத் தெரியல, இவரா வார்டுக்குத் தண்ணி விடப் போறாரு?" என்று பரப்பிவிட்டார்கள். இன்று நீங்கள் இவரைக் கூப்பிட்டு, "மாப்ளே, நாளைக்குச் சாயங்காலம் போனை அத்தைகிட்ட குடுத்துட்டுக் கிளம்பு" என்றீர்களாம். இவர் என் பெயரைச் சொல்லவே இல்லை. கல்லூரி வேலையை விட்டுவிட்டு இணையம், இணையம் என்று எட்டு வேட்பாளர்களின் வாசலில் நின்றவர்; உள்ளே வா என்றவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போ என்றால், நடு வீட்டில் உட்கார்ந்து எனக்கும் பாப்பாவுக்கும் பிரசாரம் செய்வார். பெரிய மனது பண்ணுங்கள்.

சித்திக்கு என் வணக்கம். பாப்பாவை வாழ்த்துங்கள். அவளுக்கு இன்று காலையே சரியாகிவிட்டது; எந்தக் குழுவிலும் நான் அதைப் போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது இவர் வந்து எட்டிப் பார்த்தார். நானூறு பேர் இப்போது தொள்ளாயிரமாம். "பாத்தியா, ஒரு மாசமா நாம பேசினோம், ஒருத்தரும் கேக்கல. உதவின்னு கேட்டதும் ஊரே பேசுது!" என்று குதிக்கிறார். எல்லாம் தன் திட்டம் என்று உங்களிடம் சொல்லப் போகிறாராம். அதோடு விட்டால் பரவாயில்லை. நாளை காலை பத்து மணிக்கு, உங்கள் பெயரில், மூலத்துக்கு மருந்து கேட்கப் போகிறார். என்ன படம் போடலாம் என்று இப்போது என்னிடமே யோசனை கேட்கிறார். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். பால்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், ஏழு மணிக்குக் கிடைத்துவிடும். சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். உடனே வந்து போனை வாங்கிவிடுங்கள்.