சாக்பீஸ் பிடித்தவரெல்லாம் ஒரே வாத்தியார் இல்லை மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு,

பூட்டுக்கடை அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் ஏணியும் ஒருவரை ஒருவர் கீழே தள்ளாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உன் அக்கா சுகம். நானும் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் கொஞ்ச நாளாகப் பூட்டின கடையையே மறுபடி மறுபடி போய்ப் பூட்டிவிட்டு வருகிறேன். ஊருக்கெல்லாம் டிஷ் மாட்டுகிறவன் நீ. நீ என் வீட்டு மொட்டை மாடியில் மாட்டிய டிஷ் இப்போது என் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் ரகசியம் பேசினால் தெருமுனை வரை கேட்கும் என்று உனக்கே தெரியும். அதனால் கடையில் உட்கார்ந்து, வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்த ஒரு மனிதரைக் காக்க வைத்துவிட்டு எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் மழைக்காவது பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினவன்.

உன் அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்திருப்பதும், பத்தாவது தேறாதவர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று அவர் சொன்னதும் உனக்குத் தெரிந்ததுதான். வருகிற மாதம் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் வீட்டில் இருக்கிற நாலு போர்வையைத்தான் துவைக்க வேண்டும். அதற்காகத்தானே நீ அந்த இலவசப் பாடச் சேனலைப் பிடித்துக் கொடுத்தாய். மாதச் சந்தா கிடையாது, சாயங்காலமானால் ஒரு கண்ணாடிக்காரர் வந்து கணக்கும் அறிவியலும் பொறுமையாகச் சொல்லித் தருவார். உன் அக்கா வேலையிலிருந்து வந்ததும் கைகூடத் துடைக்காமல், கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எனக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. "அவரு வர்ற நேரமாச்சு, சீவி முடிச்சு உட்காரு" என்று நான் கேலி பண்ணுவேன். அவள் ரிமோட்டால் என் முழங்காலில் ஒன்று போடுவாள். இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தச் சேனலில் படத்துக்குக் கீழே ஏதோ சின்ன எழுத்து ஓட ஆரம்பித்தது. நான் எழுத்துக்கூட்டி "அன்பார்ந்த நேயர்களே" வரைக்கும் வருவதற்குள் அது ஓடிப்போய்விடும், மறுபடி வரும், மறுபடியும் நேயர்களோடு நின்றுவிடுவேன். விளம்பரம்தான் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு மத்தியானம் உன் அக்கா வேலைக்குப் போயிருந்தபோது டிவியைப் போட்டால் அந்தச் சேனலே இல்லை. சிக்னல் இல்லை என்று கறுப்பாக நிற்கிறது. பொழுது சாய்வதற்குள் கண்ணாடிக்காரரைப் பிடித்தாக வேண்டும் என்று ரிமோட்டில் கண்ட பொத்தானையெல்லாம் அமுக்கினேன். மச்சான், இலவசமாக வானத்திலிருந்து என்னவெல்லாம் கொட்டுகிறது தெரியுமா? ஒருவர் மூட்டுவலித் தைலம் விற்கிறார், அடுத்த சேனலிலும் அவரே விற்கிறார், அதற்கு அடுத்ததில் அவர் மூட்டை ஒரு அம்மா தடவிவிடுகிறார். ஒரு சேனலில் வெறும் வர்ணப் பட்டை. ஒன்றில் யாருமே இல்லாத நாற்காலி, அதைக் கொஞ்ச நேரம் பயபக்தியோடு பார்த்தேன். பாடம் மட்டும் எங்கும் இல்லை.

சரி, காற்றில் டிஷ் அசைந்திருக்கும் என்று ஸ்பேனரோடு மாடிக்கு ஏறினேன். கீழே டிவி, மேலே நான். சத்தத்தை முழுசாக வைத்துவிட்டு, டிஷ்ஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இம்மி இம்மியாகத் திருப்பினேன். எனக்கு உயரம் என்றால் நடுக்கம், அதிலும் கைப்பிடிச்சுவர் முழங்கால் உயரம்தான். துணி எடுக்க வந்த வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம், கீழ வாங்க" என்றார். அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ "இதன் மதிப்பைக் கண்டுபிடிப்போம்" என்று சொல்வது காதில் விழுந்தது. ஓடி வந்து பார்த்தேன். கரும்பலகை இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது, வழுக்கைத் தலையாக ஒரு மனிதரும் இருக்கிறார். கண்ணாடி இல்லை, அவ்வளவுதான். உன் அக்கா வந்ததும், "பழையவருக்கு மாற்றல் ஆயிடுச்சு, புது வாத்தியார் வந்திருக்கார், நான்தான் தேடிப் பிடிச்சேன்" என்று மார்தட்டிக்கொண்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவள் முகம் சரியில்லை. பாடம் முடிந்தால் பெருமூச்சு விடுகிறாள். நானும் எட்டிப் பார்த்தேன், பலகை முழுக்க அம்புக்குறி, எண்ணைவிட எழுத்து அதிகம். பத்தாவது என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று இருந்தேன். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டம்மா என்ன, இன்ஜினீயரிங் காலேஜ் சேர்ந்துட்டாங்களா?"

"ஏன் கேட்கிறீங்க?"

"இது கடைசி வருஷப் பாடம். என் பையன் இதுல ரெண்டு தடவை ஃபெயிலு."

அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உடனே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வேன், மார்தட்டின கை இன்னும் மார்மேலேயே இருக்கிறதே. யாருக்கும் தெரியாமல் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம் என்று மறுபடி மாடிக்குப் போனேன். பழைய இடம் எது என்று தெரியவில்லை. வானம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது மச்சான்.

நேற்றுச் சாப்பிடும்போதுதான் இடி விழுந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் பரீட்சைக்குப் போகலைங்க" என்றாள்.

"ஏன், என்னாச்சு?"

"எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறலை. முன்னாடி புரிஞ்சது, இப்ப அடியோட புரியலை. நான் முட்டாள்தான்போல."

உன் அக்கா தன்னை முட்டாள் என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? என்னைத்தானே சொல்வாள். ஊரில் யார் வீட்டுப் பூட்டென்றாலும் திறந்துவிடுகிறேன், என் வாயை மட்டும் திறக்க முடியவில்லை. நான் திருப்பிய டிஷ்ஷால் அவளுடைய வேலை போய்விடும், அதைவிட, தனக்குப் படிப்பு வராது என்று அவள் நிஜமாகவே நம்பிவிடுவாள். இன்று கடையில் வெட்டின சாவி ஒன்றுகூட எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை.

ஆகையால் மச்சான், கடிதம் கண்டதும் கிளம்பி வா. சும்மா பார்க்க வந்த மாதிரி வா. நான் உன் அக்காவைக் கடைக்கு அழைத்துப் போகிறேன், அதற்குள் கண்ணாடிக்காரரைக் கொண்டுவந்துவிடு. வழுக்கைக்காரரைப் பற்றிக் கேட்டால் அவருக்கும் மாற்றல் என்று சொல்லிக்கொள்ளலாம். உன் கை தொட்ட டிஷ்ஷெல்லாம் தெளிவாகத் தெரியட்டும், உன் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. இந்த விஷயத்தை அவளிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
திறக்காத வாயோடு உன் அத்தான்

பி.கு.: மச்சான், வர வேண்டாம். உறையின் மேல் விலாசம் எழுத உன் அக்காவிடம் கொடுத்தேன், ஒட்ட மறந்துவிட்டேன். நின்றபடியே முழுவதையும் படித்தாள். நான் கதவுப் பக்கமாக நகர்ந்து நின்றேன். "முதல் நாளே தெரியும்" என்றாள். "சேனல் வேற அலைவரிசைக்கு மாறுதுன்னு வாரம் பூரா கீழ எழுத்து ஓடிச்சே. பாக்ஸ்ல நம்பரை மாத்தினா போதும். உங்களை யாரு மாடி ஏறச் சொன்னா?" ஆஸ்பத்திரி வாசல் காவலாளியின் அறையில் ஒரு டிவி இருக்கிறதாம், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கண்ணாடிக்காரர் மறு ஒளிபரப்பில் வருகிறாராம், ஒரு பாடம்கூட அவளுக்கு விட்டுப்போகவில்லையாம். "அப்ப நேத்து ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "நீங்களா வாயைத் திறக்கிறீங்களான்னு பார்த்தேன். காலம் பூரா என்னைச் சீண்டினீங்களே, ஒரு மாசம் நானும் சீண்டிப் பார்க்கக் கூடாதா?" என்கிறாள். பரீட்சைக்குப் போகிறாள். இந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் விடவில்லை, என் தம்பி படிக்கட்டும் என்கிறாள். சரி, இப்போதே டிஷ்ஷைப் பழையபடி திருப்பச் சொல்லி உன்னை வரச் சொல்லட்டுமா என்று கேட்டால் அதற்கும் விடவில்லை. "அந்த வழுக்கை மனுஷன் பலகையில ஒரு பாலத்தைக் கட்டி, நடுவுல பெரிய லாரியை ஏத்தி நிறுத்திட்டு, மீதி நாளைக்குன்னு போயிட்டார். அது நிக்குதா விழுதான்னு பார்க்காம எப்படி விடுறது?" என்கிறாள். எனக்கும் இப்போது அந்த லாரிக்காரனை நினைத்தால்தான் மச்சான் பயமாக இருக்கிறது.