பேட்டரியம்மன்

"இத்த இரும்புக்குப் போட்டுடலாமா நைனா?" என்று பழைய இரும்புக்காரர் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, அன்புராஜ் காலில் பெரிய கட்டோடு நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"மேல கை வெச்சே, மருவாதி கெட்டுடும். அது வண்டி இல்ல. சாட்சி!"

இரும்புக்காரர் சாட்சியை ஏற இறங்கப் பார்த்தார். சீட் உருகி வழிந்திருந்தது. பேட்டரி இருந்த இடம் கரிப்பிடித்த அடுப்பு மாதிரி இருந்தது.

"சாட்சி சொல்ற நெலமைல இல்லியே இது" என்றவர், போகாமல் எதிர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை வரை அது ஓடுகிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்தான். புதுவாயல் ஷோரூம் துளசிராமன் விற்றது. "செல்போன் மாதிரிதான் சார். எங்க வேணா சார்ஜ் போடலாம், எப்ப வேணா போடலாம்" என்று அவர் சொன்னதை அன்புராஜ் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்தவன், வெயிலில் கொதித்த பேட்டரியை ஆறவிடாமல் சார்ஜில் போட்டான். ஒயர் எட்டவில்லை என்று வண்டியை நடுவாசலில் நிறுத்தினான். வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். புகை வந்தபோது மனைவியும் மகளும் உள்ளே இருந்தார்கள். அன்புராஜ் எரிகிற வண்டியை வெளியே எட்டி உதைத்தான். அவர்கள் பிழைத்தார்கள். அவனுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் போயிற்று.

தோல் ஒட்ட ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். ஒப்பந்தத் தொழிலாளி நிற்காவிட்டால் சம்பளமும் நிற்கும். நஷ்டஈடு வந்தால்தான் கால்.

"வண்டி எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்" என்று திருவள்ளூர் வக்கீல் கல்பனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "கழுவக் கூடாது, நகர்த்தக் கூடாது. வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்து பார்ப்பார், வண்டிக் கம்பெனிக்கும் தகவல் சொல்லியாச்சு. அதுவரைக்கும் யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடாதீங்க."

"பேசாம உள்ள இழுத்துப் போட்டுக்கலாமா?" என்றான் அன்புராஜ், மனைவி ஹேமாவதியிடம்.

"ஃபயர் சர்வீஸ்காரரு இன்னா சொன்னாரு? எரிஞ்ச பேட்டரி மறுபடியும் பத்திக்கும், ஊட்டுக்குள்ள வெக்காதீங்கன்னு சொல்லல? இன்னொரு காலு இருக்குதுன்னு பாக்குறியா?"

வெளியே வைத்தால் இரும்புக்காரர். போதாததற்கு, "ஃப்ரீயா செக் பண்ணித் தரேன்" என்று துளசிராமன் வேறு மினி லாரியோடு ஒரு நடை வந்து போயிருந்தார்.

யோசித்த அன்புராஜுக்கு மின்னலடித்தது. அன்றே வண்டி மேல் மஞ்சளைப் பூசிக் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினான். ஆடி மாதம். மஞ்சள் பூசியதை எவன் தொடுவான்?

வேலை செய்தது. இரும்புக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு இடத்தைக் காலி செய்தார். மறுபடி லாரியோடு வந்த துளசிராமன் வண்டியைப் பார்த்தார், வேப்பிலையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார்.

"சாமி காரியம். நான் தொடுவேனா சார்?" என்று கும்பிட்டுவிட்டு லாரியைத் திருப்பச் சொன்னார்.

"பாத்தியாடி? மூளை!" என்று நெற்றியைத் தட்டிக்கொண்டான் அன்புராஜ்.

"காலுக்குத்தான் கட்டுன்னு நெனச்சேன்" என்றாள் ஹேமாவதி.

மறுநாள் காலை, பெரியபாளையத்துக்கு மஞ்சள் புடவையில் நடந்து போய்க்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் விலகி வந்தாள். கெங்கம்மாளாம். வண்டி முன்னால் நின்றவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடினாள்.

"டேய்! வந்து குந்திக்கினு இருக்கேண்டா! எனக்கு நெழலு இல்லியாடா? கூழு இல்லியாடா?"

மதியத்துக்குள் நிழல் வந்தது. துலுக்காணம் பந்தல்காரன் கம்பு நட்டான். மைக் செட் வந்தது, கூழ் அண்டா வந்தது. கடைசியாகப் பேனர் வந்தது. 'வீட்டைக் காத்து வண்டியை மட்டும் எரித்த அருள்மிகு பேட்டரியம்மன் தெய்வச் செயலைக் காண வருகை தரும் பக்தர்களை வரவேற்கும் அன்புராஜ் குடும்பத்தார்.' ஓரத்தில் அவன் கல்யாண போட்டோ, கைகூப்பியபடி.

"வண்டி மட்டுந்தான் எரிஞ்சுதாமே" என்றாள் ஹேமாவதி. "உன் காலு கணக்குல வரலியா?"

ஊர்க்காரர்கள் ஆசையாகச் செய்கிறார்கள் என்று எண்ணி முதலில் விழுங்கிக்கொண்ட அன்புராஜ், பால் குடத்தோடு வரிசை நிற்பதைப் பார்த்ததும் பதறிப்போனான்.

"ஐயையோ, தண்ணி ஊத்தாதீங்க! அது சாட்சி!"

"தண்ணி இல்லப்பா, பாலு" என்று ஒருவர் பணிவாகத் திருத்திவிட்டு, பேட்டரிக் குழியில் ஊற்றினார்.

வேறு வழியின்றி அன்புராஜ் மைக்கைப் பிடுங்கினான். "அல்லாரும் கேளுங்க! ஆத்தாவும் வரல, ஒண்ணும் வரல. மஞ்சள பூசுனதே நான்தான்!"

கெங்கம்மாள் மெல்லத் திரும்பினாள்.

"பூசுனது நீ. பூச வெச்சது யாருடா?"

"ஓம் சக்தி!" என்று தெருவே அலறியது. அதற்கப்புறம் அவனையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். ஒரு கிழவர் அவன் கட்டுக் காலில் குங்குமம் வைத்தார். வெந்த புண் என்பதால் அன்புராஜ் ஓர் ஆட்டம் ஆடினான். அதற்கும் ஒரு குலவை.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்தார். பந்தல் வாசலிலேயே ஷூவைக் கழற்ற வைத்து, திருநீறு பூசி, கையில் ஒரு சொம்பு கூழைக் கொடுத்து உள்ளே விட்டார்கள். பேட்டரிப் பெட்டியை டார்ச் அடித்துப் பார்த்தவர், குச்சியால் எதையோ கிளறினார்.

"இதுல செல் எது, எலுமிச்சம்பழம் எதுன்னே தெரியலையே. நான் என்னன்னு எழுதட்டும்?"

"கெட்டுப்போச்சுன்னு எழுதுங்க சார்!"

"எது? பால்தான் கெட்டுப்போயிருக்கு."

அவர் போனதும் அன்புராஜ் கல்பனாவுக்கு போன் போட்டான்.

"உங்க போட்டோவைப் போட்டு, தெய்வச் செயல்னு நீங்களே பேனர் வெச்சிருக்கீங்க" என்றார் கல்பனா. "எதிர்த்தரப்பு கோர்ட்ல முதல்ல அதைத்தான் நீட்டுவாங்க."

"அப்ப கேசு மேடம்?"

"பார்க்கலாம்."

டாக்டரோ வக்கீலோ 'பார்க்கலாம்' என்று சொன்னால் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். அன்புராஜ் வாசற்படியில் உட்கார்ந்தான். கட்டின் மேல் ரத்தம் கசிந்திருந்தது. ஹேமாவதி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் திட்டாமலிருந்ததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

எதிரே துலுக்காணம் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தான்.

"இன்னாபா, ஆடி முடிய இன்னும் நாளு கெடக்கு. அதுக்குள்ள ஆத்தாவ வெயில்ல உட்டுட்டுப் போற?" என்று கேட்டான் அன்புராஜ்.

துலுக்காணம் கயிற்றைச் சுருட்டியபடியே சொன்னான்:

"இன்ஜினியர் வந்து பாத்துட்டுப் போற வரைக்குந்தான்னு ஷோரூம் துளசிராமன் சாரு அன்னிக்கே சொல்லிட்டாருண்ணா, பந்தலு, பேனரு, மைக்கு, ஆட வந்த கெங்கம்மா, அல்லாம் ஒரே புக்கிங்கு."