மாமனாரின் அப்பாவுக்குக் கண் திறந்த கதை

மாப்பிள்ளையாக இருப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். "புது மாடலா மாப்ள?" என்று கேட்டுவிட்டுக் கோழி அடிக்கப் போய்விடுவார்கள். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. (நான் முன்பே கொஞ்சம் கெட்டுத்தான் போயிருந்தேன் என்பது என் மனைவி ஸ்டெல்லாவின் கருத்து.)

எனக்கு ஊர் ஒக்கூர். பெண் எடுத்தது அமராவதிபுதூரில். வேலை காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் பைல்களுக்கு நம்பர் போடுவது. குடியிருப்பு செக்காலையில் ஒரு மாடி வீடு. கல்யாணமான இரண்டாம் வருஷம், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் கலர் கொடுக்கும் பைத்தியம் எனக்குப் பிடித்தது. யூடியூபில் நாலு வீடியோ பார்த்தேன். ஐந்தாம் நாள் என்னை நானே நிபுணன் என்று அறிவித்துக்கொண்டேன். எங்கள் அப்பாவின் பள்ளிக்கூடப் படத்துக்குக் கலர் கொடுத்து வாட்ஸ்அப்பில் விட்டேன். அதில் வாத்தியார்கள் அத்தனை பேருக்கும் மஞ்சள்காமாலை வந்திருந்தது. ஆனாலும் மாமியார் வீட்டுப் பக்கம், "நம்ம மாப்ள கையில வித்தை இருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். அது போதாதா எனக்கு?

ஒரு நாள் செசிலி பெரியம்மா வந்தார். என் மாமனாரின் அக்கா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயதிலும் அவர் எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நடப்பார்கள். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஆட்டோவில் வந்து இறங்கி, துணிப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து, கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்.

"எங்க அப்பா இருக்குற படம் இது ஒன்னுதான் மாப்ள. ஆறு வயசுல பாத்த மொகம். நாளுக்கு நாள் மறந்துக்கிட்டே வருது. படமும் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. அவுக நினைவு நாளுக்குப் பூசை வைக்கிறோம்ல, அதுக்குள்ள செஞ்சு குடுங்க. மொகத்த மட்டும் கெடுத்துராதீக."

"கவலையே படாதீக பெரியம்மா. உயிரோட எந்திரிச்சு வந்த மாதிரி செஞ்சு தாரேன்" என்றேன். (இந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

படத்தில் நாலு பேர். நடுவில் நாற்காலியில், கழுத்தில் மாலையோடு, மாமனாரின் அப்பா சவரிமுத்து. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் மடியில் ஒரு கைக்குழந்தை. அதுதான் என் மாமனார். ஒரு பக்கம் மனைவி நிற்கிறார். மறுபக்கம் சிறுமி செசிலி அப்பாவின் கையைப் பிடித்தபடி, கேமராவைப் பார்க்காமல் அவர் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று நான் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தால், மற்ற மூன்று பேரும் கொஞ்சம் கொஞ்சம் கலைந்திருந்தார்கள். குழந்தைக்கு இரண்டு தலை. செசிலியின் கையில் ஏழெட்டு விரல். அந்தக் காலத்துக் கேமரா, அசைந்தால் அப்படித்தான் விழும். ஆனால் சவரிமுத்து மட்டும் மீசை முடி எண்ணுகிற அளவுக்குத் துல்லியம். ஒரு மயிரிழை ஆடவில்லை. அடடா, என்ன கட்டுப்பாடு என்று வியந்துபோனேன்.

தலையிலிருந்து தாடை வரை சுற்றி ஒரு துணி கட்டியிருந்தது. மாமனாருக்குப் போன் போட்டேன். "மாமா, தாத்தாவுக்கு அப்ப பல்வலியா? தாடையில துணி கட்டியிருக்காகளே?"

அந்தப் பக்கம் மாமியார் ஏதோ கிசுகிசுக்கிற சத்தம் கேட்டது. "அது வந்து மாப்ள... ஒங்களுக்கு எப்புடித் தோணுதோ அப்புடிச் செய்ங்க" என்று போனை வைத்துவிட்டார்.

துணியை அழித்தேன். மூக்குத் துவாரத்தில் வெள்ளையாக இரண்டு கறை இருந்தது. பூஞ்சை என்று அதையும் அழித்தேன். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு நூல் கட்டியிருந்தது. அது என்ன நாகரிகமோ என்று நூலை எடுத்துவிட்டு, வெறுங்காலாக இருக்கிறாரே என்று நல்ல தோல் செருப்பாக ஒன்று மாட்டிவிட்டேன். அவர் மனைவியின் கண்கள் வீங்கியிருந்தன. கைக்குழந்தைக்காரி, தூங்கியிருக்க மாட்டார், பாவம் என்று வீக்கத்தை வடித்தேன். குழந்தைக்கு ஒரு தலையை எடுத்தேன். செசிலியின் விரல்களை எண்ணி ஐந்தாக்கி, முகத்தையும் செதுக்கினது போலத் தெளிவாக்கினேன்.

அப்புறம் கலர். அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் கம்ப்யூட்டரே ஆளையும் சேலையையும் சுவரையும் அடையாளம் கண்டு நிறம் கொடுக்கும். அமுக்கினேன். மனைவிக்கு மாநிறம் வந்தது. செசிலிக்கு வந்தது. குழந்தையின் கன்னத்தில் ரத்தம் ஓடியது. சவரிமுத்து மட்டும் சாம்பலாகவே இருந்தார்.

மறுபடி அமுக்கினேன். சாம்பல். மூன்றாம் தடவை உதட்டோரம் கொஞ்சம் நீலம் சேர்ந்தது. ஆறு தடவை பார்த்தேன். அந்த மெஷினுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை. (அதற்கும் நான் மாப்பிள்ளை என்று தெரிந்துவிட்டதோ என்னவோ!) கடைசியில் குழந்தையின் கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து அவர் முகத்தில் நானே கையால் பூசினேன். பூசும்போது விரல் நுனி சில்லிட்டது. ஏசிகூடக் கிடையாது எங்கள் வீட்டில்.

மிச்சம் இருந்தது கண். படம் எடுத்த நேரத்தில் மனுஷன் இமைத்துவிட்டார் என்று நினைத்தேன். முதலில் என் மாமனாரின் கண்ணை வைத்துப் பார்த்தேன். எழுபது வயதுக் கண் அந்த முகத்தில் ஒட்டவில்லை. பிறகு ஜன்னலோரம் நாற்காலி போட்டு, அவரைப் போலவே விறைப்பாக உட்கார்ந்து, என் கண்ணையே செல்போனில் படம் எடுத்து ஒட்டினேன். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. உதட்டோரத்தை ஒரு இழை தூக்கிச் சிரிக்கவும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி. தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போகிறார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். முதுகு குறுகுறுத்தது. திரும்பினால் திரையிலிருந்து அவர் என்னைப் பார்க்கிறார், என் கண்ணாலேயே. ஒரு பக்கமாக நகர்ந்தேன். அங்கேயும் பார்த்தார். சீ, படம்தானே என்று சொல்லிக்கொண்டேன். வாய்தான் சொன்னது, கால் நகரவில்லை. குழம்புக் கரண்டியோடு வந்த ஸ்டெல்லா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னங்க, அவரு நம்மளப் பாக்கல. நமக்குப் பின்னாடி நிக்கிற யாரையோ பாக்குறாரு. மொதல்ல அத அமத்துங்க."

நாங்கள் இருவருமே பின்னால் திரும்பிப் பார்த்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நினைவு நாளில் பூசை முடிந்து இருபது பேர் அமராவதிபுதூர் வீட்டில் கூடியிருந்தார்கள். படத்தை ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டிக் கொண்டுபோயிருந்தேன். அவ்வளவு பெரிய படத்தைத் தாங்க ஆணி இல்லாததால், "அங்குட்டு வைங்க மாப்ள" என்று மாமியார் ஒரு நாற்காலியைக் காட்டினார். அதில் சாய்த்து வைத்து, துண்டால் மூடினேன். செசிலி பெரியம்மா வந்து துண்டை இழுத்தார்.

யாரோ கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று எனக்குப் பூரிப்பு.

"கொஞ்சம் சிரிக்கவும் வச்சிருக்கேன் பெரியம்மா" என்றேன்.

பெரியம்மா ஓரடி பின்னால் வைத்தார். அப்புறம் அவர் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது தலைமையாசிரியை குரல் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையின் குரல்.

"அப்பா... முழிச்சிட்டீகளா?"

எனக்குப் பிடரி மயிர் எழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்து, கடைசி வரிசையில் இருந்த ஒரு மீசைக்காரர், இது யார் செய்த வேலை என்று தெரியாதவர், படத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "அடப்பாவிகளா, எவன்டா பொணத்துக்குச் செருப்பு மாட்டுனது?"

ஸ்டெல்லா தன் அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, அப்ப இந்தப் படத்துல தாத்தா..."

"செத்து அரை நாள் ஆச்சும்மா" என்று மாமனார் தரையைப் பார்த்துச் சொன்னார். "மாப்பிள்ளைக்குத் தெரியும்னுல நெனச்சேன். பல்வலியான்னு கேட்டப்பதான் சந்தேகமாச்சு. ஒங்க அம்மாதான், நல்ல காரியமாச் செய்யுறவருகிட்டப் போயி பொணம் கிணம்னு சொல்லிக்கிட்டு இருப்பீகளான்னு வாயை அடைச்சிட்டா."

அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும்போது யாரும் படம் எடுத்து வைப்பதில்லையாம். ஆள் போன பிறகுதான் காரைக்குடியிலிருந்து போட்டோகிராபரை வண்டி வைத்துக் கூட்டிவந்து, குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார்த்தி, குடும்பம் சுற்றி நின்று எடுத்துக்கொள்வார்களாம். பல்வலித் துணி எதற்கு, மூக்குப் பூஞ்சை எது, கால் நூல் ஏன் என்று எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. அந்த மனிதருக்குத்தான் நான் செருப்பு மாட்டி, சிரிக்க வைத்து, என் கண்ணையும் கொடுத்திருந்தேன். பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன், பிளக்கவில்லை. மீசைக்காரர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கண்ணு மாப்ள கண்ணு மாதிரியில்ல இருக்கு" என்றார். இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஐயோ, இப்பத்தான் அசல் அவுக மாதிரியே இருக்காரு" என்று மாமியார் அலறினார்.

செசிலி பெரியம்மா மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. அவருடைய அப்பாவின் முகத்தைக் கெடுத்துவிட்டேன். அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். பக்கத்தில் போய், "மன்னிச்சிருங்க பெரியம்மா" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் அப்பாவைக்கூடப் பார்க்கவில்லை. சிறுமி செசிலியின் கையை, அந்த ஐந்து விரல்களை, கண்ணாடி மேல் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அம்மா சொன்னாக மாப்ள. அப்பா தூங்குறாக, படம் எடுத்து முடியுற வரைக்கும் நீ அசையாம நின்னா எந்திரிச்சிருவாகன்னு. பிள்ளைய நிக்க வைக்கணும்ல, அதுக்காகச் சொன்னது. நான் அசைஞ்சிட்டேன். எந்திரிக்கிறாகளான்னு மொகத்தப் பாத்துட்டேன். அப்புறம் படம் வந்துச்சு. அதுல என் கை கலங்கி இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எம்புட்டுப் படிச்சு என்ன, எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்து என்ன? அந்தக் கையப் பாக்குறப்பயெல்லாம் என்னாலதான்னு தோணும். இதுல நான் அசையவே இல்ல. அவுகளும் முழிச்சிட்டாக."

மாமனார் எழுந்து வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறு ஞாயிறு பெரியம்மா செக்காலைக்கு வந்து கம்ப்யூட்டர் முன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "செருப்பக் கழட்டுங்க. சிரிப்ப எடுங்க" என்று வரிசையாக உத்தரவு போட்டார். (பழைய தலைமையாசிரியை திரும்பி வந்ததில் எனக்கு நிம்மதி.) "என்னைய அப்புடியே விடுங்க. அவுக கண்ண மட்டும் மூடிருங்க."

ஒட்டிய கண்கள் படத்துக்கு மேல் தனி அடுக்காக (லேயர் என்பார்கள்) இருந்தன. ஒரு தடவை அமுக்கினால் போதும். சொன்னேன். அவர் தன் கையை மவுஸ் மேலிருந்த என் கைமேல் வைத்தார். இரண்டு பேருமாக அமுக்கினோம். பழைய இமைகள் திரும்பி வந்தன. பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "போயிட்டு வாங்கப்பா" என்றார். நான் பூசிய நிறத்தையும் அவர் கேட்காமலே எடுத்துவிட்டேன். சாம்பலில்தான் அந்த முகம் அமைதியாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யார் என்னிடம் பழைய படம் கொடுத்தாலும், பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் "எடுத்தபோது உயிருடன் இருந்தார்" என்று எழுதித்தான் கொடுக்கிறார்கள். கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்கு நின்றால் மச்சினிமார், "மாப்ள பாக்குறாக, எல்லாரும் கண்ணு முழிங்க" என்று கத்துகிறார்கள். ஏழு வருஷமாக இந்த இம்சை.

இரண்டு வருஷத்துக்கு முன் செசிலி பெரியம்மா காலமானார். நாங்கள் போனபோது வீடு நிறைய அழுகை. அவர் கண்கள் பாதி திறந்தபடி இருந்தன. மூடுவதற்குக் கை நீட்டிய மாமனார் பாதியில் நிறுத்திவிட்டு, கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"மாப்ள, இங்குட்டு வாங்க. அக்காவுக்கு நீங்களே செய்ங்க. நம்ம வீட்டுல ஒங்களுக்குத்தான் பழக்கம்."

அழுதுகொண்டிருந்த வீடு ஒரு நிமிஷம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. போய்க் குனிந்து பெரியம்மாவின் இமைகளை மூடினேன். அன்றிலிருந்து அமராவதிபுதூரில் எங்கள் சொந்தத்தில் யார் போனாலும், பாதிரியாருக்கு முன்னால் எனக்குத்தான் போன் வருகிறது.