லோன்னா நாய்

இனிமே இந்த வீட்டுல என் பேச்சுக்குத்தான் மரியாதைன்னு முடிவு பண்ணி, ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சேன்.

காரணம் இருக்கு. ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல எங்க வீடு. மாடி ரூம்ல ஸ்பெயின்லேருந்து வந்த இனேஸ் வாடகைக்கு இருக்கா. அவ பேசறது யாருக்கும் புரியறதில்ல. எனக்கு மட்டும் புரிஞ்சுட்டா நான்தானே ராஜா? போன்ல இங்கிலீஷ் வழியா பாடம். 'லோ'ன்னா அவனை, இல்லாட்டி அதை. 'வி'ன்னா பார்த்தேன். இதுல 'நான்' எங்கடான்னு தேடினேன். காணோம். ஸ்பெயின்லயும் புருஷன் நிலைமை இதுதான் போலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

எனக்கு சுகர் ஜாஸ்தி. அதனால வீட்டுல சோறு கம்மி, இனிப்பு கிடையவே கிடையாது. ஆனா பௌர்ணமிக்குப் பௌர்ணமி தனியா கிரிவலம் போயிடுவேன். அடி அண்ணாமலை வந்ததும் சுடச்சுட ஜிலேபி. மாசத்துல எனக்குன்னு இருக்கற ஒரே சந்தோஷம் அது. என் பொண்டாட்டி ஆதிலட்சுமியோ, எங்க வீட்டுக்காரருக்கு பக்தி ஜாஸ்தின்னு தெருவெல்லாம் பெருமை பேசுவா.

போன பௌர்ணமிக்கு இனேஸும் கிரிவலம் போயிருந்தா. மறுநாள். சமையல்கட்டுல ஆதிலட்சுமியோட உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த இனேஸ் சிரிச்சுக்கிட்டே சொன்னா: "லோ வி கோமேர் ஜிலேபி."

தண்ணி குடிக்க வந்த எனக்கு உடனே புரிஞ்சுடுச்சு. அவர் ஜிலேபி தின்னறதைப் பார்த்தேன்னு அர்த்தம். அவர்னா நான்.

"என்னங்க சொல்றா?"

"ஒரு நாய் ஜிலேபி தின்னுச்சாம். பார்த்தாளாம்."

"நாயா?"

"லோன்னா நாய்."

ஆதிலட்சுமி அடுப்பை சிம்ல வெச்சா.

"தினம் இவகூடதான் காய் நறுக்கறேன். அவங்க பேச்சும் நம்ம பேச்சு மாதிரிதாங்க. அவரைப் பார்த்தேன்னாலே போதும், நான்னு தனியா சொல்லத் தேவையில்ல. நீங்க இங்கிலீஷைச் சுத்திக்கிட்டுப் போனதுல வழி தப்பிட்டீங்க."

நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பிச்சேன்.

"லோ நாய்க்கும் வரும், வீட்டுக்காரருக்கும் வரும். நீங்களே நாய்னு சொல்லிட்டீங்க, நான் மறுத்துப் பேசல. ஆனா சுகர் இருக்கற நாயைத் தனியா விடக்கூடாது. வர்ற பௌர்ணமிக்கு நானும் கூட வர்றேன்."

இனேஸ் ஒண்ணும் புரியாம முழிச்சா. அந்த நாய் யாருன்னு அவளுக்கும் ஸ்பானிஷ்ல சொல்லுங்கன்னு ஆதிலட்சுமி என்னையே ஏவினா.

சொன்னேன். 'நான்'ங்கிற வார்த்தை அப்பவும் தேவைப்படல.