சனி பிடித்த பைனாக்குலர்

சனிக்கிழமை காலையில் கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து பாருங்கள். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் வரிசை நிற்கும். பெற்றோலுக்கா? சமையல் காஸுக்கா? அந்தக் காலம் போய்விட்டது. இது மேல்மாடியில் எழுந்தருளியிருக்கும் எண்கணித மேதை ஸ்ரீஸ்கந்தராசாவைத் தரிசிக்கும் வரிசை.

மோட்டார் சைக்கிள் இலக்கம், போன் இலக்கம், பிள்ளையின் பெயர், எதைக் கொடுத்தாலும் கூட்டிப் பலன் சொல்வார். கூட்டலை மேசையில் செய்வார். கழித்தலை வந்தவர்களின் பையில் செய்வார். போன வருடம் யாரோ ஒருவர் இவர் கொடுத்த பைனாக்குலரோடு புத்தளம் பக்கம் போய் ஒரே நாளில் மூன்று பன்றி சுட்டாராம். சுட்டதைக் கண்டவர் இல்லை. கண்டவரைக் கண்டவர்கள் வரிசை நிறைய இருந்தார்கள். அன்றிலிருந்து வேட்டைக்காரர் கூட்டமும் சேர்ந்துவிட்டது.

கொட்டாஞ்சேனை ஹெக்டரும் அந்த வரிசையில் நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிலாபத்துக்கு அங்கால் மனைவி வழியில் ஒரு கச்சான் தோட்டம். காட்டுப்பன்றி வந்து மண்ணுக்குள் கிடக்கும் கடலையைக் கிளறிவிட்டுப் போகும். அதற்காக ஹெக்டரும் மச்சான் றொஹானும் அனுமதித் துப்பாக்கியோடு காவல் இருப்பார்கள். ஹெக்டரின் கழுத்தில் 8x42 என்று எழுதிய பைனாக்குலர் தொங்கியது. மனைவி பேர்ணடெற் பொரளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடம் வேலை செய்தவர். ஏழு கடை ஏறி இறங்கி, ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துப் பார்த்து, கையிலிருந்த காசுக்குள் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தார்.

ஸ்ரீஸ்கந்தராசா அதைத் தொடவே இல்லை. கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"முன்னுக்கு எட்டு. சனி. இதையா கழுத்தில போட்டுக்கொண்டு காட்டுக்குப் போறீங்க?"

"மிஸிஸ் பாத்து வாங்கினது சேர். இருட்டுப் படுற நேரத்திலயும் தெளிவாத் தெரியுது."

"சனி முதல்ல தெளிவாத்தான் காட்டுவான். பிறகுதான் கவிழ்ப்பான்."

மேசைக்கடியிலிருந்து பளபளவென்று இன்னொன்று வந்தது. அதில் 90x90 என்று எழுதியிருந்தது.

"இதில முன்னுக்கும் ஒன்பது, பின்னுக்கும் ஒன்பது. செவ்வாய். வேட்டைக்காரன்ட கிரகம். எட்டை என்னட்ட விட்டுட்டுப் போங்க. நான் கடலில விட்டு தோஷத்தைக் கழிக்கிறன்."

ஹெக்டர் சனியையும் கொடுத்து, செவ்வாய்க்குக் காசையும் கொடுத்துவிட்டு வந்தார். தொண்ணூறு மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பன்றியின் மயிர் ஒன்றுதான் தெரியும் என்று யோசிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

அடுத்த கிழமை, பொழுது சாயும் நேரம். தோட்டத்தின் மறுகரையில் கறுப்பாக ஒன்று குனிந்து கிளறுவதைச் செவ்வாய் காட்டியது. கலங்கலாகத்தான் காட்டியது. ஆனாலும் ஒன்பது பொய் சொல்லுமா? ஹெக்டர் துப்பாக்கியை உயர்த்தினார். பன்றி தும்மியது. பிறகு, "அத்தான், தண்ணிப் போத்தல் உங்களிட்டயா?" என்று கேட்டது.

அறுந்த செருப்பைத் தேடிக் குனிந்திருந்த றொஹான்!

ஹெக்டர் தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். வீட்டில் சொன்னபோது பேர்ணடெற் அழுதார். அவருக்கு இருப்பது ஒரே தம்பி. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஆள் எங்க இருக்கிறான்?"

சனிக்கிழமை அவரும் ஹெக்டரோடு வரிசையில் நின்றார். பக்கத்தில் மெல்ரோய் என்றொருவர், பன்றி விழவில்லை என்பதால் தன்னுடைய 90x90க்குச் சக்தி ஏற்ற வந்திருந்தார். பேர்ணடெற் அதை இரவலாக வாங்கினார். படியில் நின்ற எல்லாரும் பார்த்திருக்க, அதை ஒரு பையிலும் ஹெக்டரின் 90x90ஐ இன்னொரு பையிலும் போட்டு வாயைக் கட்டினார். பிறகு மேலே போய் மேதையின் மேசையில் வைத்தார். கூட்டமும் பின்னால் ஏறியது.

"சேர், எதில சனி இருக்கு? திறக்காமச் சொல்லுவீங்களா?"

"என்ட கை சொல்லும்" என்றார் மேதை. இரண்டு பைக்கும் மேலே உள்ளங்கையை ஓட்டினார். இடப்பக்கப் பையில் கை துள்ளியது. "இதுதான். நெருப்பாக் கொதிக்குது. வெளியில கொண்டு போங்க."

பேர்ணடெற் பைகளைக் கவிழ்த்தார். இடப்பக்கம் 90x90. வலப்பக்கமும் 90x90.

"ரெண்டும் நீங்க குடுத்த செவ்வாய்தானே சேர்?"

"அது... ஆளின்ட தோஷம் சாமானில ஒட்டும்."

பேர்ணடெற் கைப்பையிலிருந்து பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்து மெல்ரோயிடம் நீட்டினார்.

"ரெண்டாவது நம்பர் முன் கண்ணாடியின்ட அகலம், மில்லிமீற்றரில. அகலம் கூடினா மங்கல் நேரத்தில வெளிச்சம் கூட வரும். தொண்ணூறு எண்டா தேத்தண்ணிக் கோப்பை வாயளவு இருக்கவேணும். அளந்து பாருங்க."

மெல்ரோய் அளந்தார். இருபத்திரண்டு. நம்பாமல் மறுபடி அளந்தார். இருபத்திரண்டுதான்.

"முதல் நம்பர், எத்தனை மடங்கு பெருசாக் காட்டுது எண்டது. பத்துக்கு மேல போனா உங்கட கை நடுக்கமும் பெருசாத் தெரியும். அவ்வளவுதான் விஷயம். சரி சேர், கடலில விட்ட எங்கட எட்டு எங்க?"

மேதை உள்ளறைத் திரையை ஒரு தரம் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. மெல்ரோய் திரையை விலக்கினார். தட்டு நிறைய எட்டுகள், துடைத்து, விற்பனைக்கு விலைச்சீட்டும் கட்டி. கடல் இவ்வளவு பக்கத்தில் இருப்பது வெள்ளவத்தைக்காரருக்கே அன்றுதான் தெரியும்.

ஹெக்டர் தன்னுடையதைக் கண்டுபிடித்து பல்கனிக்குப் போனார். றெயில் பாதைக்கு அப்பால், கற்களுக்கிடையில் கறுப்பாக ஏதோ குனிந்திருந்தது. கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"மனுசன்" என்றார். "மீசை கூடத் தெரியுது, பேர்ணடெற்."

இதற்குள் கூட்டம் தத்தம் சனியைத் தேடி முண்டியடிக்க, மேதை பின்படியால் இறங்கிவிட்டார். எந்த நல்ல நேரம் பார்த்து இறங்கினார் என்று தெரியவில்லை. ஒரு கனவான் மட்டும் அசையாமல் நின்றார். பேர்ணடெற் வெளியே வந்ததும் மெல்லக் கேட்டார்.

"அப்ப நீங்க சொல்லுங்க அக்கா. எனக்கு ஒத்து வாற நம்பர் எது?"

பேர்ணடெற் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்டு. உங்கட கழுத்துக்கு மேல இருக்கிறது ஒண்டுதான். அதை ஒருத்தனிட்டயும் விட்டுட்டு வராதீங்க."