பிடாத ரொட்டியும் திருத்தமான மொழியும்

கீவா நகரிலிருந்து

தாஷ்கண்டில் மொழி ஆராய்ச்சி நடத்தும் என் அருமைத் தம்பி ரோசிம்பாய்க்கு, அண்ணன் மத்னியாஸ் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மகள் ஒய்ஜமாலின் நிச்சயதார்த்த விருந்துக்கென்று வளர்த்த செம்மறிகூடத் தப்பிப் பிழைத்திருக்க வேண்டியது. அதற்கு நீதான் காரணம்.

பெண் கேட்டு தாஷ்கண்டிலிருந்து வருகிறார்கள் என்றதும் நீ போனில் என்ன சொன்னாய்? "அண்ணா, நம்ம பேச்சு வெறும் கிளைமொழி. வட்டார வழக்கு. அவங்க காதுக்குக் கொச்சையா இருக்கும். அன்னிக்கு ஒருநாளாவது திருத்தமான மொழி பேசுங்க" என்றாய். எங்கள் பேச்சுக்கு இத்தனை பெயர் வைத்த நீங்கள், உங்கள் பேச்சை மட்டும் மொழி என்று சொல்லிக்கொள்கிறீர்கள். கிளை என்கிறாயே, மரம் யார் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது? இருந்தாலும் மகள், தன்னோடு படித்த அந்தப் பையனைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தாள். அவள் வாழ்க்கையாயிற்றே என்று உன் பேச்சைக் கேட்டேன். வானொலிச் செய்தியைக் கேட்டு வீடே பயிற்சி எடுத்தது. உன் அண்ணி ரோபியா, "வெங்காயம் எங்குள்ளது என்று தாங்கள் அறிவீர்களா?" என்பாள், நான் "அறியேன்" என்பேன். எங்கள் குடித்தனத்தில் சண்டையில்லாத வாரம் அது ஒன்றுதான். திருத்தமான மொழியில் எப்படித் திட்டுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

பையனின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். துணியில் சுற்றிக் கொண்டுவந்த ரொட்டியை விரிப்பின் நடுவே வைத்தார்கள். பெண்ணைப் பெற்றவன் நாலு நல்ல வார்த்தை சொல்லி அதைப் பிட்டால் சம்மதம், பிடாவிட்டால் மறுப்பு. நீ சொல்லிக்கொடுத்த நாலு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. வாய் தவறிக் கொச்சை வந்துவிடுமோ என்று ரோபியாவும் "எடுத்துக்குங்க, சாப்பிடுங்க" என்று ஒரு தடவைகூட வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாத வீட்டில் யார் கை நீட்டுவார்கள்? மாவுக்குள் முட்டை ஊற்றிக் கொழுக்கட்டைபோல அவித்த துகும்-பாரக் ஆறியது, தேநீர் ஆறியது, கடைசியில் பையனின் அப்பா எழுந்து, "பரவாயில்லைங்க. உங்களுக்கு இஷ்டமில்லேன்னு புரியுது" என்று ரொட்டியை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

அப்போது எழுந்தேன் தம்பி, உன் அண்ணன்! நம் அப்பா பேசிய பேச்சில், தெருக்கோடி வரை கேட்கும்படி முழங்கினேன். "எங்க கெளம்பிட்டீங்க? வெச்ச சாப்பாட்டத் தொடாம போனா அப்புறம் நாங்க என்ன மனுசங்க? வந்து உக்காருங்க! அந்த ரொட்டிய இப்படிக் குடுங்க, எம் பொண்ணுக்கு உங்க பையனத்தான் புடிச்சிருக்கு!"

பையனின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பாடா! இவ்வளவு நேரம் ரேடியோப் பெட்டிங்க நடுவுல உக்காந்திருந்தோம். இப்பத்தான் வீட்டுல ஆள் இருக்குன்னு தெரியுது" என்றார். "இதுதான் உங்க வட்டார வழக்கா?" என்று அவர் கணவர் கேட்க, ரோபியா விட்டாளா? "இதுதாங்க மொழி. நீங்க பேசறது அதோட பத்தியச் சாப்பாடு!" என்றாள். ஆறிப்போன பாரக்கையே தட்டு துடைத்துச் சாப்பிட்டார்கள். என் பேச்சை நினைத்து இன்னும் எனக்குப் பெருமை அடங்கவில்லை.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், உன் ஆராய்ச்சிக்குப் பதக்கம் கிடைக்கட்டும். கல்யாணத்துக்கு வரும்போது மட்டும் நம் பேச்சோடு வா.

உன் அண்ணன்
மத்னியாஸ்

பி.கு: சித்தப்பா, நான் ஒய்ஜமால். கவர ஒட்டச் சொல்லி அப்பா குடுத்தாரு, படிச்சுட்டேன். அப்பா முழங்கவே இல்ல. அவங்க சுத்தின ரொட்டியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அடுப்படிலேர்ந்து வெறுங்காலோட ஓடிவந்து கத்தினது நான்தான். 'எம் பொண்ணுக்கு'ன்னு இல்ல, 'எனக்கு'ன்னுதான் கத்தினேன். அப்புறம் அப்பா ரொட்டியப் பிட்டாரு. நீங்க சொல்லிக்குடுத்த நாலு வார்த்தையில ஒண்ணுகூடச் சொல்லல. "இவள அழவெக்காதீங்க"ன்னு நம்ம பேச்சுல சொன்னாரு, அவ்வளவுதான். அத மட்டும் ஏன் எழுதாம விட்டாருன்னு தெரியல.